சொல்லோடு வசனத்தையும் படித்த ஒன்பது வருடம்

2016 தை மாதம் ஒரு பழைய ஒக்ஸ்போர்ட் அட்வான்ஸ்ட் லேனர்ஸ் டிக்சனரி என் கைக்கு வந்தது. எட்டாம் பதிப்பு. கனடாவுக்குப் போன சிநேகிதன் ஒருவன் விட்டுவிட்டுப் போனது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் என் மேசையில் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. முதுகு இரண்டு தரம் கிழிந்து, இரண்டு தரமும் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். ஒன்பது வருடம் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் பாவித்த ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். ஓ.எல். ஆங்கிலம் பாஸ் பண்ணி, வேலைக்கும் வந்து, ஆனால் இன்னும் சொல்லுக்குத் தடுமாறுகிற ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒரு கடிதத்தில்தான் இது தொடங்கியது. ஓய்வு பெறுகிற எங்கள் அலுவலக அதிகாரி ஒருவருக்கு ஆங்கிலத்தில் வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அவரை எல்லோருக்கும் தெரியும், பேர் போன மனிசன். கையிலிருந்த ஆங்கிலம் - தமிழ்ச் சொற்கொத்தில் 'நொட்டோரியஸ்' என்ற சொல்லுக்கு நேரே 'பேர்பெற்ற' என்று மட்டும் இருந்தது. அப்படியே எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகமுன்னம் மூத்த எழுதுவினைஞர் ஒருவர் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, இந்தச் சொல்லை மாத்தும். கள்ளனுக்கும் காடையனுக்கும்தான் இது வரும்." அவர் ஏசவில்லை. ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் மதித்த ஒருவரை என் கையாலேயே இழிவுபடுத்தப் பார்த்தேனே என்று இருந்தது.

பிறகு இந்த ஒக்ஸ்போர்ட் அகராதியில் அதே சொல்லை எடுத்துப் பார்த்தேன். கெட்ட காரியத்துக்காக அறியப்பட்டவர் என்று விளக்கமே தெளிவாகச் சொல்லியது. கீழே இருந்த உதாரணங்களில் குற்றமும் சிறையும்தான் வந்தன. அந்தச் சொல் யாரோடு சேர்ந்து திரிகிறது என்பது அங்கே தெரிந்துவிட்டது. அன்றைக்கே ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன்.

முதல் ஆறு மாதமும் நான் செய்தது பிழை. நாளுக்கு ஐந்து சொல் எடுத்து, ஆங்கில விளக்கத்தை மட்டும் அழகாகக் கொப்பியில் எழுதி வந்தேன். எண்ணூறு சொல் சேர்ந்தது. வாசிக்கும்போது அவற்றில் முக்கால்வாசியை அடையாளம் தெரிந்தது. ஆனால் ஒரு மின்னஞ்சல் எழுத இருந்தால் ஒன்றுகூட வாயில் வராது. விளக்கத்தைப் படித்தால் சொல்லைப் புரிந்துகொள்ளலாம், எடுத்து ஆள முடியாது. இதை விளங்கிக்கொள்ளத்தான் ஆறு மாதம் போனது.

உதாரணமாக 'டிஸ்கஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். பொருள் எல்லோருக்கும் தெரியும், கலந்து பேசுதல். ஆனால் எங்களில் பாதிப் பேர் 'டிஸ்கஸ் அபவுட்' என்றுதான் எழுதுவோம். தமிழில் 'அதைப் பற்றிக் கதைத்தோம்' என்று வருவதால் அந்த 'பற்றி' ஆங்கிலத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. எந்த விளக்கமும் இதைத் திருத்தாது. 'டிஸ்கஸ்' வருகிற நாலு உதாரண வசனத்தை வரிசையாகப் பார்த்தால், ஒன்றில்கூட 'அபவுட்' இல்லை என்பது கண்ணில் பட்டுவிடும். இலக்கண வகுப்பில் பல வருடம் கேட்டும் ஏறாதது எனக்கு அப்படித்தான் ஏறியது.

விளக்கம் எழுதுவதும் இலேசான வேலையில்லை. தொல்காப்பியர் உரியியலில் சொல்லியிருக்கிறார்: "பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே." ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல வந்த சொல்லுக்கும் பொருள் கேட்டால் அதற்கு முடிவே கிடையாது. பழைய ஆங்கில அகராதிகளில் எனக்கு நடந்தது அதேதான். ஒரு சொல்லைப் பார்க்கப் போய் அதன் விளக்கத்திலிருக்கும் மூன்று சொல்லைத் தேடவேண்டி வரும். படிப்பவர்களுக்கென்று எழுதிய அகராதிகள் இதற்கு ஒரு வரம்பு கட்டின. லோங்மன் 1978இல் ஏறத்தாழ 2000 சொற்களுக்குள்ளேயே விளக்கங்களை எழுதியது. ஒக்ஸ்போர்ட் 2005இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து 3000 சொல் கொண்ட பட்டியலை வைத்திருக்கிறது. கொலின்ஸ் கோபில்ட் 1987இல் வேறு வழியில் போனது: விளக்கத்தையே முழு வசனமாக எழுதியது. இன்னாரை இப்படிச் சொன்னால் அவர் இன்ன மாதிரியானவர் என்று ஒரு ரீச்சர் பக்கத்திலிருந்து சொல்லித் தருவதுபோல இருக்கும்.

மூன்றையும் பாவித்திருக்கிறேன். வினைச்சொல்லுக்கும் குணத்தைச் சொல்லும் சொல்லுக்கும் எனக்குக் கோபில்ட்தான் பிடிக்கும். அவசரத்துக்கு லோங்மன். நின்று நிதானமாகப் படிக்க ஒக்ஸ்போர்ட். கோபில்டை வழிநடத்திய பேர்மிங்ஹாம் பேராசிரியர் ஜோன் சின்கிளேயர், கணினியில் திரட்டிய உண்மையான வசனங்களை வைத்துச் சொற்களை ஆராய்ந்தவர். 'செட் இன்' என்ற வினையோடு வருவதெல்லாம் பெரும்பாலும் கெட்டவை என்பதைக் கண்டு சொன்னவர் அவர். அழுகல், சோர்வு, மோசமான காலநிலை இப்படி. இது தெரிந்த பிறகு எந்தச் சொல்லைப் பார்த்தாலும் இது நல்லதோடு சேருமா, கெட்டதோடு சேருமா என்றுதான் முதலில் பார்க்கிறேன். எங்களுக்கு இது புதிதும் இல்லை. சிக்கனக்காரன் என்பதும் கசவாரம் என்பதும் காசை இறுக்கிப் பிடிக்கிற ஆள்தான், ஆனால் சம்பந்தம் பேசும் வீட்டில் எதைச் சொல்லலாம் என்று யாரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் 'த்ரிஃப்டி', 'ஸ்டிஞ்ஜி' இரண்டுக்கும் இடையிலும் அதே தூரம்தான்.

குறை இல்லாமல் இல்லை. அகராதி உதாரணங்கள் வேறொரு ஊரின் வாழ்க்கை. பனி கொட்டும், பப்புக்குப் போவார்கள், வீட்டுக் கடனோடு மல்லுக்கட்டுவார்கள். வசனம் விளங்கும், ஆனால் படம் மனதில் நிற்காது. அதனால் நான் ஒன்று செய்கிறேன். வசனத்தின் கூட்டை அப்படியே வைத்து, ஆளையும் இடத்தையும் மட்டும் மாற்றுவேன். முழுவதும் சொந்தமாக எழுதப் போனால் திரும்பவும் தமிழ் வசனம்தான் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வரும்.

'ரிலக்டன்ட்' என்ற சொல்லை அப்படித்தான் பிடித்தேன். சொற்கொத்தில் 'விருப்பமற்ற' என்று இருக்கும். ஒக்ஸ்போர்ட் விளக்கத்தில் தயக்கமும் சேர்ந்து வருகிறது. உதாரணங்களில் அதன் பின்னால் 'டு' வருகிறது, அதற்குப் பின்னால் செய்ய மனமில்லாத காரியம் வருகிறது. 1995 ஐப்பசி கடைசியில் சண்டைக்குப் பயந்து ஊரே தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்ட இரவு எனக்கு எட்டு வயது. அம்மம்மா கதவைப் பூட்டினார். திரும்பப் போய்த் திறந்து சாமி அறை விளக்கைப் பார்த்தார். பூட்டினார். கிணற்றடிக்குப் போய் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். கடைசியில் எங்களோடு நடந்தார்தான். அம்மம்மா வீட்டை விட்டுப் போக ரிலக்டன்ட் ஆக இருந்தார் என்று கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதினேன். விருப்பமற்ற என்பதைவிட 'மனமில்லாமல்' என்பதே கிட்டவாக வரும். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் ஒருக்காலும் தேடியதில்லை.

2018இல் கொப்பியிலிருந்ததை அன்கி என்ற செயலிக்கு மாற்றினேன். மறக்கப் போகும் நேரம் பார்த்துச் சொல்லைத் திரும்பக் காட்டும். அன்ட்ரொயிட் போனில் இலவசம். யாரோ செய்து வைத்த ஆயிரக்கணக்கான சொல் கொண்ட அட்டைகளை இறக்கிப் பார்த்தேன், மூன்று கிழமையில் விட்டுவிட்டேன். என் கையால் எழுதிய வசனம் உள்ள அட்டை மட்டும்தான் நிற்கிறது. ஒருமுறை நல்லூர்த் திருவிழா 25 நாளும் போனைத் திறக்கவில்லை. பிறகு பார்த்தால் அறுநூறு அட்டை காத்திருந்தது. அன்றிலிருந்து நாளுக்கு மூன்று புதுச் சொல், அதற்கு மேல் இல்லை. 2022இல் கரண்ட் நாளுக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் இல்லாத நாட்களில் போனும் செத்துப்போகும். அப்போது மெழுகுதிரி வெளிச்சத்தில் பழைய புத்தகம்தான் கைகொடுத்தது. அதனால் செயலி இருக்கிறதென்று புத்தகத்தைக் கைவிடாதீர்கள்.

தமிழ் அகராதியே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். 'ஹெரன்' என்ற சொல்லுக்கு நீண்ட கால், நீண்ட கழுத்து, தண்ணீருக்குப் பக்கத்தில் வாழும் என்று படித்துக்கொண்டிருப்பதைவிட நாரை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். பண்ணைக் கடலில் நாளும் பார்க்கிற பறவைக்கு விளக்கம் எதற்கு? பறவை, மரம், நோய், கருவி இவற்றுக்குத் தமிழ்தான் நேர்வழி. அடிப்படைச் சொல் இரண்டாயிரம் மூவாயிரம் இன்னும் பிடிபடாதவர்களும் இந்த ஆங்கில விளக்கங்களுக்குள் இப்போதே இறங்க வேண்டாம். களைத்துப்போவீர்கள்.

அக்காவின் மகள் இந்த வருடம் ஏ.எல். எடுக்கிறாள். போன கிழமை கொப்பியோடு வந்தாள்.

"மாமா, லிங்கர் எண்டால் நிக்கிறதோ, தங்கிறதோ?"

"விளக்கத்தை வாசிச்சிட்டு, உதாரணத்தில என்ன நிக்குது எண்டு பாரும் பிள்ளை."

பார்த்தாள். வாசனை, சந்தேகம், துக்கம் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுதத் தொடங்கினாள். பனங்காய்ப் பணியாரம் சுட்ட வாசம் பின்னேரம் வரைக்கும் குசினிக்குள் லிங்கர் பண்ணியது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஒரு எழுத்தும் நான் திருத்தவில்லை.