கடல் படம் மாட்ட கேன்வாஸா, கண்ணாடி ஃபிரேமா?

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வீடு. ஜன்னல் கம்பியையே உப்புக்காற்று தின்கிற ஊரில் காகிதப் படத்தை எப்படி மாட்டுவது என்பதைக் காசைக் கரைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் மாட்டியது ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பெரிய அலை' பிரிண்ட், கண்ணாடி ஃபிரேமில். ஃபிரேம் போட்டவர் படம் கண்ணாடியைத் தொடாமல் இடைவெளி விடும் அட்டையான மவுண்ட் போர்டை நடுவில் வைக்காமல் படத்தைக் கண்ணாடியோடு அழுத்தி மூடிவிட்டார். இரண்டு ஐப்பசி மழை போனது, நுரையின் மேல் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை, பின்பலகை ஊறி உப்பிவிட்டது, சரி பிரித்துக் காயவைக்கலாம் என்று எடுத்தால் பாதி நீலம் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

கேன்வாஸில் இந்தத் தொல்லை இல்லை. ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளாது, ஜன்னலுக்கு எதிரே மாட்டினாலும் கடலுக்குப் பதிலாக டியூப்லைட்டும் நம் மூஞ்சியும் தெரியாது. ஆனால் உள்சட்டம் பச்சை மரமாக இருந்தால் முறுக்கிக்கொண்டு மூலையில் துணி தொங்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் கண்ணாடி மாதிரி துடைக்கவும் முடியாது, அதனால் சமையலறைப் பக்கம் வேண்டாம்.

அப்போ கேன்வாஸே போதுமா என்றால், படத்தைப் பொறுத்தது. பெரிய அலை 1831 வாக்கில் வந்த மரக்கட்டை அச்சு, அசலே சுமார் 25க்கு 37 செ.மீ. தான். கத்தியால் கீறிய கோடுகளை ஐந்தடித் துணியில் இழுத்தால் நெசவு அதன் கூர்மையைத் தின்றுவிடும். ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கியின் 1850ஆம் வருஷத்து 'ஒன்பதாவது அலை' வேறு கதை, அது மூன்று மீட்டருக்கு மேல் அகலமான எண்ணெய் ஓவியம், துணிக்கென்றே பிறந்தது. எதுவானாலும் பிக்மென்ட் (நிறமித் துகள்) இங்க் பிரிண்டா என்று கேட்டு வாங்குங்கள், சாய இங்க் வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுக்கும்.

நான் கேன்வாஸில் அந்த 'ஒன்பதாவது அலை'யைத்தான் ஹாலுக்கு எடுக்க இருந்தேன். அம்மா போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "சுனாமி பார்த்த ஊருல, மனுஷங்க பாய்மரத்தைப் புடிச்சிக்கிட்டு தத்தளிக்கிறதைப் போய் நடுவீட்டுல மாட்டுவியாடா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஹாலில் இப்போது எங்கள் ஊர் சில்வர் பீச் விடியற்காலை, கரையேறிய மூன்று ஃபைபர் படகு, கேன்வாஸில். ஹொகுசாய் புது பிரிண்ட் என் அறையில், மவுண்ட் போர்டு வைத்து, பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவரைத் தொடாமல் தொங்குகிறது.