லீஜியனா, துணைப்படையா? ரோமானிய ராணுவ நாவல் தொடர்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ரோமானியப் படையை வைத்து ஆங்கிலத்தில் வந்திருக்கும் சாகச நாவல் தொடர்கள் ஓர் அலமாரியையே நிரப்பும். எல்லா அட்டையிலும் அதே தலைக்கவசம், அதே கழுகு, அதே சிவப்பு. பின்னட்டையைப் புரட்டினாலும் எதை எடுப்பது என்று பிடிபடாது. இதற்கு ஒரே ஒரு கேள்வி உதவும்: நாயகன் படையில் என்ன பதவியில் இருக்கிறான்? வரிசையில் நிற்கும் கீழ்நிலை அதிகாரிக்குத் தெரிவது தன் கேடயத்தின் விளிம்பும் எதிரே நிற்பவனின் முகமும். முற்றுகையில் சிக்கிய நகரத்தின் தளபதிக்கோ தண்ணீர்த் தொட்டியும் தானியக் கணக்கும்தான் போர். பதவி மாறினால் சண்டையின் ருசியே மாறிவிடுகிறது.

இங்கே எடுத்துக்கொண்டவை நான்கு: சைமன் ஸ்கேரோவின் மேக்ரோ–கேட்டோ தொடர், ஆன்டனி ரிச்சஸின் ‘எம்பயர்’ தொடர், பென் கேனின் டியூட்டோபர்க் முத்தொகுதி, ஹாரி சைட்பாட்டமின் ‘வாரியர் ஆஃப் ரோம்’. ஏட்ரியன் கோல்ட்ஸ்வொர்தி கடைசியில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்ப்பார்.

எதை எடுத்தாலும் ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம். பத்துக் கூடாரம் சேர்ந்தால் ஒரு செஞ்சுரி. பெயரில்தான் நூறு, ஆள் 80. ஆறு செஞ்சுரி ஒரு கோஹார்ட், 480 பேர். பத்து கோஹார்ட் ஒரு லீஜியன். அதில் முதல் கோஹார்ட்டுக்கு மட்டும் ஐந்து இரட்டைச் செஞ்சுரிகள், 800 பேர். ஆக மொத்தம் 5,000 சொச்சம். செஞ்சுரியின் தலைவனான செஞ்சூரியன் முன்னால் நிற்பான். அவனுக்கு அடுத்தவனான ஆப்டியோ வரிசைக்குப் பின்னால் நின்று, நழுவப் பார்ப்பவனை முன்னே தள்ளுவான். இது தெரியாமல் ஆரம்பிப்பவர்கள் யார் யாருக்கு சல்யூட் அடிக்கிறார்கள் என்றே புரியாமல் முப்பதாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள்.

ஸ்கேரோ: கீழிருந்து மேலே

முதல் நூல் ‘அண்டர் தி ஈகிள்’ 2000-இல் வந்தது. கதை தொடங்குவது கி.பி. 42-இல், ஜெர்மானிய எல்லையில் இரண்டாம் அகஸ்டா லீஜியனின் முகாமில். அரண்மனையில் அடிமையாக வளர்ந்து நிறையப் படித்த கேட்டோ, பேரரசரின் சிபாரிசுக் கடிதத்தோடு வந்து நேராக ஆப்டியோ ஆகிறான். அவனுக்கு மேலே மேக்ரோ. சண்டையில் புலி, ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. செஞ்சூரியனுக்குத் தினமும் பட்டியலும் கணக்கும் எழுத வேண்டியிருப்பதால், பையனிடம் ரகசியமாக எழுத்துப் படிக்கிறான். இந்த ஏற்பாடுதான் தொடரின் முதுகெலும்பு. வாசகருக்கு விளக்க வேண்டியதையெல்லாம் மேக்ரோ கேட்டோவுக்கு விளக்குகிறான். அதனால் பாடம் நடத்துவது போலத் தெரியாமலே ராணுவ நடைமுறை உள்ளே இறங்கிவிடுகிறது.

வரலாற்று அடித்தளமும் நன்றாகவே இருக்கிறது. கி.பி. 43 பிரிட்டன் படையெடுப்பில் இரண்டாம் அகஸ்டாவுக்குத் தலைமை தாங்கியவர் பின்னாளில் பேரரசரான வெஸ்பாசியன். கடலைக் கடக்க மாட்டோம் என்று படை முரண்டு பிடித்தபோது, பேரரசர் கிளாடியஸ் அனுப்பிய முன்னாள் அடிமை நார்சிசஸ் மேடையேற, சிப்பாய்கள் ‘இயோ சட்டர்னாலியா’ என்று கத்திக் கிண்டலடித்ததைப் பண்டைய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதி வைத்திருக்கிறார். அடிமைகள் எஜமானர் வேஷம் கட்டும் திருவிழா அது. அந்த நார்சிசஸ் தொடரில் நெடுநாள் ஆட்டிவைக்கும் பாத்திரமாக வருகிறார். இரண்டாம் நூல் மெட்வே ஆற்றுச் சண்டையிலிருந்து கமுலோடூனம் (இன்றைய கோல்செஸ்டர்) வரை போகிறது.

குறை எங்கே? தொடர் இருபது நூல்களைத் தாண்டிவிட்டது. இடையில் ஒரு சூத்திரம் கெட்டிப்பட்டுவிடுகிறது: ரோமிலிருந்து ஒரு ரகசிய வேலை, பொறாமை பிடித்த ஒரு மேலதிகாரி, கடைசியில் பெரும் சண்டை. ஐந்து நூல் ஒரே மூச்சில் வாசித்தால் ஆறாவதின் திருப்பம் முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால் முதல் ஐந்தை ஒரே கதையாக எடுத்துக்கொண்டு ‘தி ஈகிள்ஸ் ப்ரே’யில் நிறுத்தி, இடைவெளி விடுவது நல்லது. அந்த ஐந்தாம் நூலில் பத்தில் ஒருவனைச் சீட்டுக் குலுக்கி எடுத்துத் தோழர்களே அடித்துக் கொல்லும் தண்டனை வருகிறது. மிகைப்படுத்தல் என்று தோன்றலாம், ஆனால் கி.பி. 20-இல் ஆப்பிரிக்காவில் ஆளுநர் அப்ரோனியஸ் ஒரு கோஹார்ட்டுக்கு இதையே செய்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் பதிவு செய்திருக்கிறார், ஏற்கெனவே வழக்கொழிந்த தண்டனை என்ற குறிப்போடு.

நடுவில் எங்காவது எடுத்துத் தொடங்காதீர்கள். பின்னால் கேட்டோ மேக்ரோவையே தாண்டி உயர்ந்து பிரிஃபெக்ட், அதாவது துணைப்படைத் தளபதி ஆகிறான். ஒரு காலத்தில் தன்னை அதட்டியவனுக்கே உத்தரவு போடும் சங்கடம்தான் பிந்தைய நூல்களில் உயிரோட்டமான பகுதி. முன்கதை தெரியாவிட்டால் அது வெறும் வசனம்.

ரிச்சஸ்: எல்லையில் நிற்கும் துணைப்படை

‘வூண்ட்ஸ் ஆஃப் ஹானர்’ (2009) கி.பி. 182-இல், வட பிரிட்டனின் எல்லை மதிலான ஹேட்ரியன் சுவரருகே நடக்கிறது. பேரரசர் கொமோடஸ். செனட்டர் குடும்பமே தேசத்துரோகக் குற்றச்சாட்டில் அழிக்கப்பட, தப்பிய மார்கஸ் பெயரை மாற்றிக்கொண்டு முதலாம் டுங்ரியன் கோஹார்ட்டில் செஞ்சூரியனாக ஒளிந்துகொள்கிறான். டுங்ரியர்கள் இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து வந்தவர்கள். குடியுரிமை இல்லாத துணைப்படையினர். 25 ஆண்டு உழைத்தால்தான் அது கிடைக்கும்.

ஸ்கேரோவோடு பக்கத்தில் வைத்தால் வேறுபாடு முதலில் ஆயுதத்தில் தெரியும். ஸ்கேரோவின் லீஜியன் வீரனிடம் வளைந்த பெரிய கேடயம், பட்டைத் தகட்டுக் கவசம், எறிந்தால் நுனிக்கம்பி வளையும் எறியீட்டியான பிலம். துணைப்படைக்காரனிடம் சங்கிலிக் கவசம், தட்டையான கேடயம், குத்தீட்டி. ஆகவே சண்டையும் வேறு. பிலம் எறிந்துவிட்டு வாளோடு பாய்வது லீஜியன் முறை. ஈட்டி வரிசையாக நின்று மேட்டில் ஏறிவருபவனைத் தடுப்பது ரிச்சஸின் காட்சிகளில் அடிக்கடி வருவது. எல்லையில் முதல் அடி வாங்கியது பெரும்பாலும் இவர்கள்தான். வட பிரிட்டனில் நடந்த மோன்ஸ் கிரௌபியஸ் போரில் ஆளுநர் அக்ரிகோலா நான்கு பட்டாவிய கோஹார்ட்டுகளையும் இரண்டு டுங்ரிய கோஹார்ட்டுகளையும் வாளோடு முன்னே அனுப்பி, லீஜியன்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டார். ரோமானியன் ரத்தம் சிந்தாமல் ஜெயிப்பது பெருமை என்பது அந்தக் காலக் கணக்கு.

இந்தப் படைப்பிரிவு நிஜமாகவே வரலாற்றில் இருந்தது. வட பிரிட்டனின் விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மெல்லிய மரச்சட்டம் ஒன்றில், கி.பி. 90-ஐ ஒட்டிய ஏதோ ஒரு மே 18 அன்று இதே முதலாம் டுங்ரியன் கோஹார்ட்டின் ஆள்கணக்கு மையில் எழுதப்பட்டிருக்கிறது. பட்டியலில் 752 பேர். வெளியூர்ப் பணியில் 456. கோட்டையில் இருந்தது 296 மட்டும். அதிலும் 15 பேர் நோயாளி, 6 பேர் காயம்பட்டவர், 10 பேருக்குக் கண்வலி. சண்டைக்குத் தகுதியானவர் 265. இந்தச் சட்டத்தை மனதில் வைத்து ரிச்சஸை வாசித்தால் ஒன்று உறுத்தும்: நாவலில் கோஹார்ட் எப்போதும் கிட்டத்தட்ட முழு ஆளோடு அணிவகுக்கிறது. சாகச நாவலாசிரியருக்கு அந்தச் சலுகையைத் தரத்தான் வேண்டும். கண்வலிக்காரர்களை வைத்து உச்சக்கட்டம் எழுத முடியாது.

இரண்டாம் நூல் ‘ஆரோஸ் ஆஃப் ஃப்யூரி’யில் சிரியாவின் ஹாமியன் வில்லாளிகள் வந்து சேர்வது தொடரின் சிறந்த ஏற்பாடுகளில் ஒன்று. ஈட்டிக்காரர்களுக்கு நடுவே மெலிந்த உடம்போடு வில்லாளிகள். பழகும் வரை கேலி, பழகிய பிறகு பெருமை. பலவீனம் நாயகனிடமே இருக்கிறது. இரண்டு வாள் சுழற்றும் மார்கஸ் கொஞ்சம் அதிகமாகவே திறமைசாலி. அவனைச் சுற்றியுள்ள முரட்டு டுப்னஸ், கிழட்டு ரூஃபியஸ் போன்ற செஞ்சூரியன்கள்தான் உண்மையில் கதையைத் தாங்குகிறார்கள். கெட்ட வார்த்தை தாராளம், ரத்தமும் அப்படியே. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தருவதானால் இதை விட்டுவிட்டு ஸ்கேரோவைப் பாருங்கள். புத்தகத்தின் கடைசியில் அந்தக் காலத்து ராணுவ அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. அதை முதலில் வாசித்துவிடுவது உத்தமம். கதையைக் கெடுக்கும் எதுவும் அதில் இல்லை.

கேன்: முடிவு தெரிந்த கதை

கி.பி. 9. ஜெர்மானியாவின் டியூட்டோபர்க் காட்டில் 17, 18, 19 ஆகிய மூன்று லீஜியன்கள் அழிந்தன. ரோமானியரோடு கூட இருந்தே குழி பறித்த ஜெர்மானியத் தலைவன் அர்மினியஸ், அவனை நம்பிக் கெட்ட ரோமானியத் தளபதி வாரஸ். பள்ளிக்கூட வரலாற்றிலேயே முடிவு தெரியும் என்பதால் ‘ஈகிள்ஸ் அட் வார்’ (2015) வேறு வழியில் பதற்றத்தை உண்டாக்குகிறது. 18-ஆம் லீஜியனின் மூத்த செஞ்சூரியன் டுல்லஸ், புதுப் படைவீரன் பிசோ, வாரஸ், அர்மினியஸ் என்று பார்வை மாறிக்கொண்டே இருக்கிறது. சதிகாரன் மனதுக்குள் புகுந்துவிட்டதால், ஒவ்வொரு விருந்திலும் வேட்டையிலும் வாசகருக்கு மட்டும் வயிற்றைப் பிசைகிறது.

காட்டுச் சண்டைதான் இந்த நான்கு தொடர்களிலும் ஆக நெருக்கடியான வாசிப்பு. ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் சதுப்பு, நடுவே சேற்றுப் பாதை, விடாத மழை. நனைந்த கேடயம் கனக்கிறது. பாதை குறுகியதால் அணிவகுக்க இடமே இல்லை. செஞ்சுரி என்ற அமைப்பு எதற்காக இருந்தது என்பது அது உடையும்போதுதான் உறைக்கிறது. இந்தப் போர் நடந்த இடமாகக் கருதப்படும் கால்க்ரீஸவின் அகழாய்வில் கழுத்து மணிக்குள் புல்லை அடைத்த கோவேறு கழுதையின் எலும்புக்கூடு கிடைத்தது. சத்தம் வராமலிருக்கச் செய்த ஏற்பாடாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஒற்றை மணியில் இருக்கும் பயத்தைத்தான் கேன் சில நூறு பக்கங்களில் எழுத முயல்கிறார், பெரும்பாலும் ஜெயிக்கிறார்.

அடுத்த இரண்டு நூல்கள் ரோமானியத் தளபதி ஜெர்மானிக்கஸின் பழிவாங்கும் படையெடுப்புகள். முதல் நூலின் அழுத்தம் அவற்றில் இல்லை. எடுத்தால் மூன்றையும் முடித்துவிடலாம், இருபது நூல் என்ற மலைப்பு இல்லை என்பது பெரிய வசதி.

சைட்பாட்டம்: ஒரு நகரம், ஒரு முற்றுகை

‘ஃபயர் இன் தி ஈஸ்ட்’ (2008) கி.பி. 255-க்குப் போகிறது. பட்டைக் கவசமும் செவ்வகக் கேடயமும் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்; மூன்றாம் நூற்றாண்டில் படையின் தோற்றமே மாறிவிட்டது. ஆங்கிள் என்ற ஜெர்மானிய இனத் தலைவனின் மகனாகப் பிறந்து, பிணைக்கைதியாக ரோமானியரிடம் வளர்ந்த பாலிஸ்டா, யூஃப்ரடீஸ் கரையிலுள்ள அரேட் நகரைச் சாசானியப் பாரசீகரிடமிருந்து காக்க அனுப்பப்படுகிறான்.

அரேட் கற்பனைப் பெயர். நிஜத்தில் அது சிரியாவின் டுரா யூரோபாஸ். ஆசிரியர் ஆக்ஸ்ஃபோர்டில் பண்டைய வரலாறு கற்பித்தவர். அகழாய்வு அறிக்கைகளை வரிக்கு வரி பயன்படுத்தியிருப்பது தெரிகிறது. முற்றுகைக்குத் தயாராவதற்கே ஏகப்பட்ட பக்கங்கள் போகின்றன: எதிரிக்கு மறைவிடம் ஆகும் வெளிக்கல்லறைகளை இடிப்பது, மதிலை ஒட்டிய வீடுகளை மண்ணால் நிரப்பிச் சுவருக்கு முட்டுக்கொடுப்பது, அதனால் வீடிழந்தவர்களின் வெறுப்பைச் சமாளிப்பது. டுராவில் அந்த மண்மேடு நிஜமாகவே போடப்பட்டது. அதற்குள் புதைந்ததால்தான் அங்கிருந்த யூதத் தொழுகைக்கூடத்தின் சுவரோவியங்கள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. 19-ஆம் கோபுரத்துக்கு அடியில் வெட்டிய சுரங்கத்தில் 19 ரோமானியரும் ஒரு பாரசீகரும் பிணமாகக் கிடந்தார்கள். நிலக்கீலும் கந்தகமும் எரித்த புகையில் மூச்சடைத்து இறந்திருக்கலாம் என்று தொல்லியலாளர் சைமன் ஜேம்ஸ் வாதிட்டது 2009-இல், இந்த நாவல் வந்த பிறகு.

முதல் அத்தியாயத்திலிருந்தே வாள் மோத வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. சுரங்கம், எதிர்ச்சுரங்கம், கவண்பொறி, நகருக்குள் ஒரு துரோகி என்று திட்டத்தின் மேல் திட்டம் அடுக்கப்படுவதை ரசிப்பவர்களுக்கு நான்கில் இதுதான் முதலிடம். ஆங்கிலமும் இதில்தான் கடினம். கிரேக்க, லத்தீன் சொற்கள் அப்படியே வரும், பின்னால் நீண்ட சொற்பட்டியல். கிண்டிலில் அங்கும் இங்கும் தாவுவது எரிச்சல். காகிதப் புத்தகம் வாங்கிச் சொற்பட்டியலில் ஒரு அடையாளச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆடியோவாகக் கேட்க ஸ்கேரோ பொருத்தம், சைட்பாட்டம் சுத்தமாகப் பொருந்தாது.

கோல்ட்ஸ்வொர்தியின் ‘விண்டோலாண்டா’ (2017) நாயகன் ஃபெராக்ஸ், வட பிரிட்டனில் ஒரு வட்டாரத்தின் அமைதிக்குப் பொறுப்பான செஞ்சூரியன். காலம் கி.பி. 98. விண்டோலாண்டா மரச்சட்டங்களில் பெயர் வரும் கெரியாலிஸும் அவர் மனைவி சுல்பிசியா லெபிடினாவும் இங்கே பாத்திரங்கள். ஆசிரியர் ரோமானிய ராணுவ வரலாற்றாளர் என்பதால் எல்லைக் காவலின் அன்றாடம் அச்சு அசல். தொடக்கம் மந்தம், சண்டைகள் துல்லியம்.

ஆங்கில நாவல் வாசிப்பு புதிது என்றால் ஸ்கேரோவின் முதல் நூல். பாத்திரங்கள் பிரிட்டிஷ் சார்ஜென்ட்டுகள் மாதிரிப் பேசுவது முதலில் நெருடும், பத்துப் பக்கத்தில் பழகிவிடும். நேரம் குறைவு, ஒரே புத்தகத்தில் உச்சம் வேண்டும் என்றால் ‘ஈகிள்ஸ் அட் வார்’. ஸ்கேரோவை முடித்துவிட்டு இன்னும் கரடுமுரடாகக் கேட்பவருக்கு ரிச்சஸ். அவரிடமும் வரிசை தப்பக்கூடாது. முதல் மூன்று நூல்கள் பிரிட்டனில் ஒரே ஓட்டமாகப் போகின்றன, டேசியாவும் பார்த்தியாவும் அப்புறம்தான். ஸ்கேரோவையும் ரிச்சஸையும் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டாம்: இரண்டிலும் பிரிட்டன், இரண்டிலும் செஞ்சூரியன்கள், நடுவே 140 ஆண்டு இடைவெளி, எந்தக் கோட்டை எப்போது இருந்தது என்பதே குழம்பிவிடும். மேக்ரோ காலத்தில் ஹேட்ரியன் சுவருக்கு ஒரு கல் கூட எடுக்கப்படவில்லை, அது தொடங்கியதே கி.பி. 122-இல்.

கேனின் முதல் நூலை முடித்த கையோடு டாசிடஸின் ‘அன்னல்ஸ்’ முதல் புத்தகம், 61, 62-ஆம் பகுதிகளை எடுங்கள். ஆறு ஆண்டுக்குப் பின் ஜெர்மானிக்கஸின் படை அதே காட்டுக்குள் போய், யார் எலும்பு என்று தெரியாமலே எல்லாவற்றையும் அள்ளிப் புதைக்கிறது. இரண்டு பக்கம்கூட வராது. கேனின் இரண்டாம் நூலை அதற்கப்புறம் திறந்தால் போதும்.