வெளியே செம்பு, உள்ளே அலுமினியம்: காரில் சப்வூஃபர் போடப் போகிறவர்களுக்கு

என் மேசையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு வயர் ஒன்று கிடக்கிறது. நல்ல விரல் பருமன். பார்த்தால் 4 கேஜ் (வயரின் பருமன் அளவு) என்றுதான் யாரும் சொல்வார்கள். உறையைச் சீவினால் உள்ளே கம்பி பாதிகூட இல்லை, மீதியெல்லாம் வெறும் பிளாஸ்டிக். அந்தக் கம்பியில் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் செம்பு நிறம் உரிந்து வெள்ளையாக மின்னுகிறது. அலுமினியம். இதைத்தான் "ஃபுல் காப்பர்" என்று சொல்லி என் காருக்குள் ஓட்டியிருந்தார்கள். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை, தனியாகக் கேட்கவும் வேண்டாம். இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர் அவர் ஒருவர்தான் என்று நான் நம்பவில்லை.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில், எங்களுடையது டொயோட்டா விஷ். பத்து வருஷம் முடிந்து, ஐந்து வருஷத்துக்கு சிஓஇ, அதாவது இங்கே கார் வைத்திருக்க எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், புதுப்பித்தோம். ஐந்து வருஷம் எடுத்தால் அதோடு சரி, மறுபடி நீட்டிக்க முடியாது. அதுவரை இந்த வண்டிதான் என்றான பிறகு, பாட்டாவது நன்றாகக் கேட்கட்டுமே என்று எனக்கு ஆசை. வண்டியோடு வந்த ஸ்பீக்கரில் உறுமி அடித்தால் மைலோ டின்னைத் தட்டுவது போலிருக்கும். இளையராஜாவின் பேஸ் கிட்டார் எந்தப் பக்கம் போகிறதென்றே தெரியாது. சீட் கவர் மாற்றலாம் என்றாள் மனைவி. கேட்டிருக்கலாம்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் போட்டால் மலிவு என்றார்கள். ஏதாவது கோளாறு என்றால் காஸ்வேயில் காத்துக் கிடந்து போய்ச் சண்டை போட முடியுமா என்று யோசித்து, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும் என இங்கேயே தேடினேன். கிழக்குப் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடம், மாடிக்கு மாடி ஒர்க்‌ஷாப். கடையில் இருந்தது தமிழ்ப் பையன். "வாங்கண்ணே, உட்காருங்க. நம்மாளுங்களுக்கு நான் தனி விலைதான் போடுவேன்." அந்த 'நம்மாளு'வில் பாதி விழுந்துவிட்டேன். 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) பெட்டியோடு, ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), வயர், கூலி எல்லாம் சேர்த்து 880 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பெட்டி மேல் தங்க எழுத்தில் 1200 வாட் என்று போட்டிருந்தது.

"பில் வேணும்னா ஜிஎஸ்டி சேரும்ணே. நமக்குள்ள எதுக்கு?"

9 சதவீதம், 79 வெள்ளி 20 காசு. அதை மிச்சம் பிடிக்கிற ஆசையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தேன். சீட்டில் "சவுண்டு செட், 880, பெய்ட்" என்று மட்டும் இருந்தது. என்ன ஆம்ப், என்ன வயர், எங்கே ஃபியூஸ், எதுவும் இல்லை. இதில் என் தப்பும் உண்டு, மறைக்கவில்லை.

இரண்டு வாரம் சொர்க்கம். பெட்டி பின்னால் டிக்கியை அடைத்துக்கொண்டதால் மூன்றாவது வரிசை இருக்கையை மடித்தே வைக்க வேண்டியதாயிற்று, மாமனார் மாமியாரை ஏற்ற முடியவில்லை என்று வீட்டில் முணுமுணுப்பு. அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் பிஐஇ விரைவுச்சாலையில் வேகம் எடுக்கும்போது கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். கடைக்குப் போன் போட்டேன். "புதுசுல அப்படித்தான் இருக்கும்ணே, செட் ஆயிடும்." ஸ்பீக்கர் என்ன புது மாப்பிள்ளையா, செட் ஆவதற்கு? ஆம்புக்குப் போகும் சிக்னல் வயரை பவர் வயரோடு ஒட்டி ஒரே பக்கமாக இழுத்தாலோ, வண்டியின் வெறும் தகரத்தில் கொடுக்க வேண்டிய எர்த் சரியாக இல்லாவிட்டாலோ, எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம் உள்ளே புகுந்துவிடும். அது தானாகப் போகாது. என் வண்டியில் இரண்டு தப்பும் இருந்தன என்பது பிறகு தெரிந்தது.

இன்னொன்றையும் கவனித்திருக்க வேண்டும். இரவு எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் பின்கண்ணாடி வழியாக நீல வெளிச்சம் தெரியும். ஆம்பில் இருக்கும் விளக்கு. "அப்பா, அது தூங்கவே தூங்காதா?" என்று மகள் கேட்டாள். அழகாக இருக்கிறதே என்று நினைத்தேனே தவிர, பூட்டிய வண்டியில் அது ஏன் எரிகிறது என்று யோசிக்கவில்லை.

பள்ளி விடுமுறையில் மூன்று நாள் பஸ்ஸில் பினாங்கு போய்வந்தோம். வந்து பார்த்தால் வண்டி செத்துக் கிடக்கிறது. "பேட்டரி பழசாயிருக்கும்ணே" என்றான் கடைப் பையன். 160 வெள்ளிக்குப் புதுசு மாற்றினேன். அடுத்த மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை. புது பேட்டரியும் காலி.

பத்து வயது தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் சோதனை உண்டு. அதற்கு முன்னால் சின் மிங்கில் எங்கள் பழைய மெக்கானிக் அங்கிளிடம் காட்டப் போனேன். பேட்டரி கதையைச் சொன்னதும் அவர் பானெட்டைத் திறந்து, வண்டியைப் பூட்டச் சொல்லி, மீட்டரை மாட்டினார். 1.3 ஆம்பியர். பூட்டி வைத்த வண்டி சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குக் கீழேதான் இழுக்கும். 1.3 என்றால் ஒரு நாளைக்கு 31 ஆம்பியர்-அவர். என் பேட்டரியே 45தான். ஆம்பை எழுப்பவும் தூங்கவைக்கவும் ரிமோட் வயர் என்று மெல்லிய நீல வயர் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற இடத்தில் அதைக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு இடத்தைத் தேடச் சோம்பல்பட்டு, பேட்டரியிலிருந்து நேராக வரும் பவரோடேயே முறுக்கிவிட்டிருக்கிறார்கள்.

அதோடு விட்டிருந்தால் வெறும் சோம்பல் என்று மன்னித்திருப்பேன். அங்கிள் கதவோர பிளாஸ்டிக்கைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கினார். எஞ்சின் பக்கமிருந்து வயர் உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையமே இல்லை. வெறும் தகர விளிம்பில் உறை உரசி உரசித் தேய்ந்து, ஓரிடத்தில் கம்பி எட்டிப் பார்த்தது. "ஃபியூஸ் எங்கே?" என்று கேட்டார். நானும் தேடினேன். பின்னால், ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தது.

இது ஏன் மோசம் என்றால், அந்த ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது வயரை. ஆகவே பேட்டரியிலிருந்து 45 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் பேட்டரிக்கும் அதற்கும் நடுவில் ஓடுகிற நாலைந்து மீட்டர் வயருக்குக் காவலே இல்லை. தேய்ந்த இடம் தகரத்தைத் தொட்டால் பேட்டரி தன்னிடம் இருப்பதையெல்லாம் கொட்டும், வயர் பழுக்கும், கார்ப்பெட் பற்றும். அந்தக் கார்ப்பெட்டின் மேல்தான் என் மகள் கால் வைத்து உட்காருகிறாள். எர்த் வயர் எங்கே தெரியுமா? பின்சீட் பெல்ட்டின் போல்ட்டில், பெயிண்டைக்கூடச் சுரண்டாமல். அங்கிள் ஒன்றும் பேசவில்லை. கத்தியை எடுத்து ஓர் இழையைச் சுரண்டி வெள்ளையைக் காட்டினார்.

அதே பருமனில் செம்பு கடத்துவதில் சுமார் 60 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். இங்கே பருமனும் பாதி. அந்த 1200 வாட் வேறு கதை. ஆம்பில் குத்தியிருந்தது 30 ஆம்பியர் ஃபியூஸ். 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414. அதில் ஐந்தில் நான்கு பங்கு ஸ்பீக்கருக்குப் போனாலே பெரிது, மீதி ஆம்பிலேயே சூடாகப் போகும். ஆக 330 வாட்டே அதிகம். கடையில் யாராவது வாட் கணக்கு சொன்னால் ஆம்பைத் திருப்பி ஃபியூஸைப் பாருங்கள்.

கடைக்குப் போனேன். அண்ணன் அப்போதே 'சார்' ஆகிவிட்டேன். "வெளியில காப்பர்தானே சார் இருக்கு? மாத்தணும்னா 250 ஆகும்."

சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே மனு போட்டேன். 5,000 வெள்ளி வரைக்கும் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வக்கீலும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2012-இலிருந்து குறையுள்ள பொருளை விற்றால் கேட்க லெமன் சட்டம் இருக்கிறது. வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். ஆனால் முழுச் செம்பு என்று அவன் சொன்னதற்கு என்ன ஆதாரம்? துண்டுச் சீட்டு உதவவில்லை. வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய குரல் செய்தி ஒன்று தப்பிப் பிழைத்திருந்தது. "ஃபுல் காப்பர், ஃபோர் கேஜ், என்னை நம்புங்கண்ணே." அதை ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த 'அண்ணே'வை என்ன செய்வதென்று வெகுநேரம் விழித்தேன்.

விசாரணை வரை போகவில்லை. 500 வெள்ளி தருவதாகச் சொன்னான், வாங்கிக்கொண்டேன். பேட்டரிக் காசும் அலைச்சலும் போனது போனதுதான்.

பெட்டியைக் கழற்றிவிட்டேன். அங்கிள் சொல்லி வேறொருவரிடம் போனேன். சீட்டுக்கு அடியில் போகிற 8 அங்குல சப்வூஃபர், ஆம்ப் அதற்குள்ளேயே. மூன்றாவது வரிசை திரும்பக் கிடைத்தது, உறுமி முன்புபோல அதிரவில்லை, ஆனால் உறுமி என்று தெரிகிறது. பேசும்போது நான் வயர் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவர் சுருளிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கத்தியோடு என் கையில் கொடுத்து, "நீங்களே சுரண்டிப் பாருங்க" என்றார். சுரண்டினேன். எவ்வளவு சுரண்டியும் சிவப்புதான்.