கார்மின் ஸீரோ சி1 ப்ரோ: பத்துத் தோட்டாக்களை எண்ணச் சொன்ன கருவி

பீனிக்ஸ் நகருக்கு வடக்கே உள்ள பென் ஏவரி சுடுதளத்தில், சுடுவதை நிறுத்தச் சொல்லி ஒலிபெருக்கி அறிவித்ததும் எல்லோரும் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு மேசையை விட்டு விலகி நிற்போம். அந்தச் சில நிமிடங்களுக்குள் இலக்குத் தாளையும் மாட்டி, குழல் வாய்க்கு முன்னால் பல அடி தள்ளி, குண்டின் வேகத்தை அளக்கும் பழைய வேகமானியையும் முக்காலியில் நிறுத்தியாக வேண்டும். அது ஒளியை நம்பிய கருவி. குண்டின் நிழல் இரண்டு உணரிகளைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிடும். வெயில் சாய்ந்தால் பத்தில் மூன்று குண்டுகளைத் தவறவிடும். வீட்டில் ஒவ்வொன்றுக்கும் வெடிமருந்தைத் தராசில் எடைபோட்டு, இரண்டு மாலைகள் உட்கார்ந்து நிரப்பிய தோட்டாக்கள் அவை. எண் விழாமல் போனால் மனம் வலிக்கும்.

அதனால்தான் 600 டாலர் கொடுத்து கார்மின் ஸீரோ சி1 ப்ரோ வாங்கினேன். 2023இல் வெளிவந்த சிறிய ரேடார் இது. உள்ளங்கையில் அடங்கிவிடும், எடை 110 கிராம்கூட இல்லை. குழல் வாய்க்குச் சற்றுப் பின்னால், துப்பாக்கிக்குப் பக்கத்தில், மேசைமீதே சிறு முக்காலியில் நிற்கிறது. துப்பாக்கியில் எதையும் மாட்ட வேண்டாம், இலக்குப் பக்கம் நடக்கவும் வேண்டாம். பறந்து போகும் குண்டில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து வேகத்தைச் சொல்கிறது. ஒரு முறை மின்னேற்றினால் 2,000 குண்டுகள் வரை தாங்கும் என்கிறார்கள். நான் அந்த எல்லையைத் தொட்டதில்லை. பக்கத்து மேசையில் ஒருவர் விடாமல் சுட்டுக்கொண்டிருந்தபோதும் என் குண்டுகளை மட்டுமே எண்ணியது.

என் துப்பாக்கி .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையைச் சுடுவது. லாப்புவா பித்தளைக் கூடு, 175 கிரெயின் (தோட்டாக்களுக்குப் பயன்படும் சிறிய எடை அலகு) சியரா மேட்ச்கிங் குண்டு, வார்கெட் என்ற வெடிமருந்து. மருந்தின் அளவை இங்கே எழுத மாட்டேன். உற்பத்தியாளரின் கையேட்டைத் திறந்து, கீழ் எல்லையிலிருந்து தொடங்குவதுதான் முறை. அந்த வகையிலும் இந்தக் கருவி ஒரு காவல். கையேடு சொல்லும் வேகத்தை உங்கள் தோட்டா தாண்டினால், உள்ளே அழுத்தமும் தாண்டியிருக்கக்கூடும். மகிழ வேண்டிய நேரம் அல்ல அது, நிறுத்த வேண்டிய நேரம்.

முதல் நாள் ஐந்து அளவுகளில் மருந்து நிரப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டாக்கள் சுட்டேன். நடு அளவில் வேகத்தின் திட்ட விலக்கம், அதாவது குண்டுக்குக் குண்டு வேகம் எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு, வினாடிக்கு வெறும் 3 அடி. 100 கெஜத்தில் மூன்று ஓட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இதுதான் என் துப்பாக்கிக்கு ஏற்ற அளவு என்று முடிவு கட்டி, அதே அளவில் ஐம்பது தோட்டாக்கள் நிரப்பினேன். அடுத்த வாரம் பத்து சுட்டதும் திரையில் வந்த விலக்கம் 12. தாளில் ஓட்டைகளின் கொத்து ஓர் அங்குலத்துக்கு மேல் விரிந்திருந்தது.

கருவியில் பிழை இல்லை. மூன்றே தோட்டாக்களில் முடிவெடுத்ததுதான் பிழை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வெந்ததா என்று பார்க்கச் சரி. சுடுதளத்தில் நாம் பார்ப்பது ஒரு பருக்கைக்கும் அடுத்த பருக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை. அதற்கு ஒரு பருக்கையும் போதாது, மூன்றும் போதாது. பழைய வேகமானி குண்டுகளைத் தவறவிட்டுக்கொண்டே இருந்ததால் நீண்ட வரிசையை நான் பார்த்ததே இல்லை. இதில் இருபது, முப்பது என்று எண்கள் விடுபடாமல் வந்த பிறகுதான் பழைய குறிப்பேட்டில் நான் வட்டமிட்டிருந்த 'சிறந்த' அளவுகளில் பாதி தற்செயல் என்று புரிந்தது.

பிறகு ஐந்து அளவுகளையும் பத்துப் பத்தாகச் சுட்டேன். விலக்கம் எல்லாவற்றிலும் 9க்கும் 13க்கும் இடையில்தான். மருந்தளவை மாற்றியதைவிடத் தராசை மாற்றியது அதிகம் உதவியது. பழைய தராசு குளிர்சாதனக் காற்றில் ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு ஆடிக்கொண்டிருந்தது. என் தோட்டாவில் அந்தப் பத்தில் ஒன்று வினாடிக்கு ஐந்தாறு அடி வித்தியாசம். இப்போது விலக்கம் 7, 8 என்று நிற்கிறது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: இது வேகத்தைத்தான் அளக்கும், துல்லியத்தை அல்ல. 100 கெஜத்தில் வினாடிக்கு 30 அடி வேக வித்தியாசம் தாளில் கண்ணுக்கே தெரியாது. அதே 30 அடி 600 கெஜத்தில் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் மேலும் கீழுமாக நகர்த்தும். 1,000 கெஜத்தில் சுமார் 10 அங்குலம். 100 கெஜத்தோடு நிற்பவர் அந்தப் பணத்தில் நல்ல தராசும் நிறையக் குண்டும் வாங்கிக்கொள்ளலாம். தாளே போதுமான சாட்சி. தூரம் சுடுபவருக்கு, என் அனுபவத்தில், சுடுதளப் பையில் துப்பாக்கிக்கு அடுத்தபடியாக இருக்க வேண்டிய பொருள் இதுதான்.

ஆகஸ்டு வெயிலில் மேசைமீதே கிடந்து சூடேறிய தோட்டாக்களையும், நிழலில் பெட்டிக்குள் வைத்தவற்றையும் தலா இருபதாகச் சுட்டு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வார்கெட் வெப்பத்தால் அதிகம் மாறாத மருந்து என்ற பெயர் பெற்றது. எண்கள் முழுதாகச் சேர்ந்ததும் எழுதுகிறேன்.