'முழுக்கத் தயார்' என்று விற்கும் ராணுவ பிராஸ்: வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் ரைஃபிள் வைத்துக்கொண்டு, தோட்டாவை வீட்டிலேயே ரீலோடு செய்கிற, அதாவது சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் போட்டு நிரப்புகிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ராணுவம் சுட்டுக் கழித்த பித்தளைக் கூடுகளை, உடனே நிரப்பத் தயார் செய்தது என்ற அர்த்தத்தில், 'புரொசஸ்டு பிராஸ்' என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அப்படி ஒருவரிடம் வாங்கி ஏமாந்தேன். பணத்தைவிட எனக்குப் பெரிய கோபம், அந்தப் பெட்டிக்குள் அவர் வைத்திருந்த ஒரு துண்டுச் சீட்டின் மேல்தான். அதற்கு வருகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இது: லேக் சிட்டி 7.62, ஒரே ஒருமுறை சுட்டது, கிரிம்ப் எடுத்து, அளவுக்கு வெட்டி, சைஸ் செய்தது, பிரைமரும் பவுடரும் போட்டால் போதும். 500 கூடுகள். (பிரைமர் என்பது கூட்டின் அடியில் இருக்கிற, அடித்ததும் பற்றிக்கொள்ளும் சின்ன மூடி. பவுடர் என்பது மருந்து. சைஸ் செய்வது என்றால், டை என்கிற அச்சில் தள்ளிக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. கிரிம்ப் பற்றிக் கீழே சொல்கிறேன்.) லேக் சிட்டி என்பது மிசௌரியில் இண்டிபெண்டன்ஸ் ஊரில் 1941-ல் தொடங்கிய ராணுவத் தோட்டா ஆலை. அதன் பித்தளை நல்ல பித்தளை, அதில் சந்தேகமில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் விற்கிறார்கள்.

பெட்டியில் மேலாக இருந்ததெல்லாம் எல்சி முத்திரையும், வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ குறியும் உள்ளவை. கீழே போகப் போக வேறு நாட்டு ராணுவக் கூடுகள். சிலவற்றில் பழைய பிரைமர்கூட எடுக்கப்படவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், நடுவில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சின்னத் துளைகள். அது பெர்டான் வகை. சாதாரண டையில் விட்டால், பழைய பிரைமரைத் தள்ளுகிற அதன் ஊசிதான் உடையும்.

எந்திரத் துப்பாக்கியில் பிரைமர் கழன்று வராமலிருக்க ராணுவத்தில் அதைச் சுற்றிப் பித்தளையை அழுத்தி விடுவார்கள். அதுதான் கிரிம்ப். அதை எடுக்காமல் புதுப் பிரைமர் சரியாக உட்காராது. எனக்கு வந்ததில் பாதி தொடப்படாமல் இருந்தது. இன்னும் சிலவற்றைத் தாறுமாறாகக் கடைந்து வைத்திருந்தார்கள். புதுப் பிரைமரைக் கட்டைவிரலால் தள்ளினாலே உள்ளே போய்விட்டது. அப்படிப்பட்ட கூட்டில் பிரைமர் ஓரமாக வாயு கசிந்து போல்ட்டின் (கூட்டைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) முகத்தை அரிக்கும்.

நீளமும் ஒரே சீராக இல்லை. 7.62-இன் வணிக வடிவமான 308-க்கு அதிகபட்சம் 2.015 அங்குலம், வெட்டும்போது வைக்கிற அளவு 2.005. அளந்ததில் பல அதைத் தாண்டின. கூடு நீண்டிருந்தால் அதன் கழுத்து சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) நசுங்கி குண்டை இறுக்கும், அழுத்தம் எகிறும்.

'ஒருமுறை சுட்டது' என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எதில் சுட்டது என்பதுதான் கேள்வி. எந்திரத் துப்பாக்கியின் சேம்பர் தாராளமானது. கூடு அதில் நீண்டுவிடும். பிறகு டையில் போட்டுப் பழைய அளவுக்குத் தள்ளினாலும், அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்தது மெலிந்ததுதான். வெளியே சில சமயம் பளபளப்பான வளையம் தெரியும், சில சமயம் தெரியாது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து, உள்ளே அடியிலிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூடு வேண்டாம். தட்டிய ஒன்றை நீளவாட்டில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே சுற்றிலும் வாய்க்கால் போல ஒரு கோடு. அதைச் சுட்டிருந்தால் கூடு இரண்டாகப் பிரிந்து, வாயு என் முகத்துப் பக்கம் வந்திருக்கும்.

சரி, அந்தச் சீட்டு. ஒரு பவுடர் கம்பெனியின் வெளியீட்டிலிருந்து பவுடரின் அதிகபட்ச அளவை மட்டும் எடுத்து, 'இந்த பிராஸுக்கு ஏற்ற லோடு' என்று அச்சிட்டு வைத்திருந்தார். அந்தக் கம்பெனி எந்தக் கூட்டில், எந்தப் பிரைமரில் சோதித்தது என்ற வரி அதில் இல்லை. மூலத்தில் அது வணிகக் கூடு. தராசில் வைத்தேன். வின்செஸ்டர் கூட்டைவிட இந்த லேக் சிட்டி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 கிரெய்ன் (சுமார் 1.3 கிராம்) கனம். வெளி அளவு இரண்டுக்கும் ஒன்றுதான், ஆக அந்தக் கூடுதல் பித்தளை உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. இடம் குறைந்தால் அதே பவுடர் அதிக அழுத்தம் தரும். புத்தகத்தின் உச்ச அளவு இந்தக் கூட்டில் உச்சத்தைத் தாண்டிவிடும். புதிதாக ரீலோடிங் தொடங்கிய ஒருவர் அந்தச் சீட்டை நம்பினால் என்ன ஆகும்?

வணிக டேட்டாவை ராணுவக் கூட்டுக்குப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். புத்தகத்தின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். அது இல்லாவிட்டால் உச்சத்திலிருந்து 10 சதவீதம் குறையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குரோனோகிராஃப் என்கிற கருவி வைத்துக் குண்டின் வேகத்தை அளங்கள். குறைந்த பவுடரிலேயே புத்தகத்தின் உச்ச வேகம் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பிரைமர் தட்டையாகட்டும், போல்ட் இறுகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த அறிகுறிகள் தாமதமாகத்தான் வரும். முத்திரை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தனியாக லோடு பாருங்கள். 5.56 என்ற சிறிய ராணுவ ரகத்தில் லேக் சிட்டி கூட்டின் கொள்ளளவு, அதன் வணிக வடிவமான 223-க்கு நெருக்கமாகவே இருக்கும். ஆனாலும் எடைபோட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். 'புரொசஸ்டு பிராஸைத் திரும்பப் பெறுவதில்லை' என்று ஒரே வரி பதில். சீட்டைப் பற்றி இரண்டாவதாக எழுதியதற்குப் பதிலே வரவில்லை. கார்டு கம்பெனியில் புகார் கொடுத்து, விளம்பரத்தின் படத்தையும் வந்த சரக்கின் படத்தையும் அனுப்பிய பிறகுதான் பணம் திரும்பியது. அதனால் வாங்கும்போதே விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதும் படமெடுங்கள்.

என்னைக் கேட்டால், 'புரொசஸ்டு' வாங்காதீர்கள். பிரைமர்கூட எடுக்காத, சுட்டபடியே இருக்கிற பிராஸ் வாங்குங்கள். விலையும் குறைவு, கிரிம்ப் எடுப்பதும் வெட்டுவதும் உங்கள் கையில் இருக்கும். கழித்த கூடுகளின் வாயை பிளையரால் நசுக்கிவிட்டுத்தான் பழைய பித்தளைக்குப் போடுங்கள். அப்படியே போட்டால் அது வேறு யாராவது ஒருவருடைய பெட்டிக்குப் போய்ச் சேரும்.