2012 மாடல் குட்டியானை பழசு வாங்கி வேலை பாத்தா கட்டுமா? எட்டு மாசம் ஓட்டிட்டு எழுதுறேன்

எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம். தக்காளி, முருங்கை, சீசனுக்கு கத்தரி. மார்க்கெட்டுக்கு 14 கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டிக்கு போன் போட்டு, அவங்க வேற லோடுல இருந்தா மத்தியானம் வரைக்கும் காத்து கெடந்து, பறிச்ச தக்காளி பெட்டியோட வெயில்ல வாடுறத பாக்க மனசு கேக்காம தான் சொந்தமா ஒரு வண்டி போட்ரலாம்னு முடிவு பண்ணோம். வாரத்துக்கு நாலு லோடு தான், அதுக்கு புது வண்டி எடுத்து மாசா மாசம் டியூ கட்ட முடியாது, அதனால பழைய டாடா ஏஸ் தேடுனோம்.

டாடா ஏஸ் மொத மொதல்ல 2005ல வந்துச்சு. 702 சிசி, ரெண்டு சிலிண்டர், 16 குதிரை சக்தி, முக்கா டன் ஏத்தலாம். பழைய மாடல்ல பிடிச்சதே டீசல் அடிக்கிற மெக்கானிக்கல் பம்பு தான். சென்சாரு, ஸ்கேனர்னு எதுவும் வேணாம், கிராமத்து மெக்கானிக்கே பிரிச்சு மாட்டிருவாரு. வேலை பாத்து ஓட்டலாமான்னு யோசிக்குறதுக்கே அர்த்தம் இருக்குன்னா இதனால தான்.

ரெண்டு வண்டி பாத்தோம். முதல் வண்டி பளபளன்னு புது பெயின்ட், இஞ்சின் ஒரே சாவில ஸ்டார்ட் ஆச்சு, புகையே இல்ல. நான் அட்வான்ஸ் குடுக்க தயாராயிட்டேன். கூட வந்த மெக்கானிக் அண்ணன் தான், "தம்பி, இஞ்சின அப்புறம் கேப்போம், மொதல்ல கீழ படுத்து பாரு"ன்னாரு. சாக்க விரிச்சு படுத்தோம். சேஸ்ல, அதான் வண்டியோட அடிச்சட்டத்துல, ஸ்பேனரால தட்டிக்கிட்டே வந்தாரு, முன்னாடி டங் டங்னு கேட்டுச்சு, பின் பட்டை (வில்லு ஸ்பிரிங்) மாட்டுற பிராக்கெட் கிட்ட வந்ததும் சொத்துன்னு ஒரு சத்தம். ஸ்க்ரூ டிரைவர வச்சு அழுத்துனா துரு அப்பளம் மாதிரி பேந்து நுனி உள்ள போயிருச்சு. மேல மட்டும் புதுசா கறுப்பு பெயின்ட். கயிறு கட்டுற கொக்கிய மோந்து பாத்தாரு, மீன் வாடை. வருஷக்கணக்கா ஐஸ் தண்ணியும் உப்புத்தண்ணியும் சேஸ்ல ஒழுகியிருக்கு. வித்தவரு அத பத்தி ஒரு வார்த்தை சொல்லல, எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு, ஏன்னா லோடோட அந்த பிராக்கெட் விட்டா ஆளு உயிருக்கே ஆபத்து.

ரெண்டாவது வண்டி மளிகைக்கடைக்கு ஓடுனது. பாக்க சுமார், கதவுல நசுக்கு, டயர் நாலும் மொட்டை. ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை. சீட்ட தூக்குனா தானே இஞ்சின், ஆயில் மூடிய கழட்டி பாத்தா ரயில் மாதிரி புகை தள்ளுது, சிலிண்டர் போர் தேஞ்சு போச்சு. ஆனா கீழ தட்டுனா கடைசி வரைக்கும் டங். மெக்கானிக் அண்ணன் இத எடுன்னு சொல்லிட்டாரு. இஞ்சின் வேலைக்கு இவ்வளவு ஆகும்னு முன்னாடியே கணக்கு சொல்லிரலாம், உளுத்துப்போன சேஸுக்கு எந்த கணக்கும் நிக்காது. பேசி 1,30,000க்கு முடிச்சோம்.

செலவ ஒளிக்காம சொல்றேன். போர் அடிச்சு, பிஸ்டன், ரிங்கு, பேரிங், ஹெட் வேலை கூலியோட சேத்து 38,000. டயர் 13,500. கிளட்ச், பிரேக் வேலை 9,000. தொட்டிக்கு தகடு அடிச்சு டிங்கர், பெயின்ட் 16,000. இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டி ஓட தகுதியா இருக்குன்னு குடுக்குற சர்டிபிகேட்), பேர் மாத்துறது எல்லாம் 27,000. மொத்தம் 2,33,500. வாங்குன விலைக்கு மேல இன்னொரு லட்சம் வேணும்னு மனசுல வச்சுக்கிட்டு தான் பழைய வண்டி பாக்கவே கிளம்பணும்.

பேப்பர் விஷயத்துல தான் நெறைய பேரு மாட்டிக்கிறாங்க. இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டுமே 16,049, ஜிஎஸ்டி தனி, இவ்வளவு சின்ன வண்டிக்குமா இவ்வளவுன்னு நானே அதிர்ந்துட்டேன். எட்டு வருஷம் தாண்டுன சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி காட்டணும், வயசு ஏற ஏற ஃபீஸும் ஏறும். ஆர்சி புக்குல ஃபைனான்ஸ் பேரு இருந்தா கடன் முடிஞ்சதுன்னு அவங்க குடுக்குற என்ஓசியும், அந்த பேர நீக்குற ஃபார்ம் 35ம் கையில வராம பணம் குடுக்காதீங்க. பேர் மாத்துற ஃபார்ம் 29, 30ல வித்தவரு கையெழுத்த அன்னைக்கே வாங்கிருங்க. நல்ல விஷயம் என்னன்னா லோடோட மொத்த எடை 3 டன்னுக்கு கீழ இருக்குறதால பர்மிட் தேவையில்ல, ஓட்ட கார் ஓட்டுற சாதாரண எல்எம்வி லைசென்ஸ் போதும், 2024ல சுப்ரீம் கோர்ட்டே அத உறுதி பண்ணிருச்சு.

இப்ப எப்படி ஓடுது? மொத ஆயிரம் கிலோமீட்டர் அரை லோடு தான் ஏத்துனோம், 500ல ஒரு தடவை ஆயில் மாத்துனோம். நீலப் புகை சுத்தமா நின்னுருச்சு. லோடோட 17 மைலேஜ் குடுக்குது. முன்னாடி நடைக்கு 900 வாடகை, இப்ப டீசல் 160க்குள்ள. சத்தம் ஜாஸ்தி தான், சீட்டுக்கு அடியில இஞ்சின் இருக்குறதால சித்திரை வெயில்ல தொடை சுடும், ஒரு சாக்கு மடிச்சு போட்டுக்கிறேன்.

மலைக்கு மட்டும் இத நம்பாதீங்க. பாச்சலூர் ரோட்ல வாழைக்காய் ஏத்த ஒரு தடவை போனேன், ஏறும்போது பாதி வழி ஃபர்ஸ்ட் கியர் தான், 16 குதிரைய வச்சுக்கிட்டு அவ்வளவு தான் முடியும். மலை லோடு உங்களுக்கு தெனமும் இருந்தா காசு கூட ஆனாலும் பெரிய பிக்கப்பா பாருங்க. எங்கள மாதிரி சமவெளியில 20, 30 கிலோமீட்டருக்குள்ள காய் ஏத்துறவங்களுக்கு, சேஸ் டங்குன்னு சொன்னா தாராளமா வாங்கி வேலை பாக்கலாம். அடுத்த எஃப்சி வர்றதுக்குள்ள பின் பட்டைக்கு புது புஷ் போடணும்.