செல்வமகளா, பிபிஎஃபா, என்பிஎஸ்ஸா? மூன்றிலும் பணம் போட்டுப் பார்த்தாச்சு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பிஎஃப் பிடிக்க மேலே யாரும் கிடையாது, மகள் காலேஜுக்கும் என் வயசான காலத்துக்கும் நானே எடுத்து வைத்தால்தான் உண்டு.

முதலில் செல்வமகள், பெண் குழந்தை பெயரில் போடுகிற அரசு சேமிப்புத் திட்டம். வட்டியைப் பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, 2024 ஜனவரியில் 8.2 சதவீதமாக ஏற்றினார்கள், வட்டிக்கும் முதிர்வுக்கும் வரி இல்லை. ஆனால் நான் கோட்டை விட்ட இடம் ஒன்று இருக்கிறது. 21 வருடம் என்பது கணக்கு திறந்த நாளிலிருந்து, பெண்ணுடைய வயசு இல்லை. மகளுக்கு 8 வயசு இருக்கும்போது 2021-இல் திறந்தேன், அப்படியென்றால் முழுப் பணமும் 2042-இல், அவளுக்கு 29 வயசில்! (நடுவில் கல்யாணம் என்றால் முன்னாலேயே முடிக்கலாம், அது வேறு கதை.) காலேஜுக்கு எடுக்கலாம்தான், 18 ஆனாலோ பத்தாவது முடித்தாலோ, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரைக்கும், அதுவும் அட்மிஷன் கடிதமோ ஃபீஸ் ரசீதோ காட்டி, அதில் போட்டிருக்கும் தொகைக்கு மேல் போகாமல். கவுன்டரில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிபிஎஃப், அதாவது பொது வருங்கால வைப்பு நிதியில் வட்டி குறைவு, 2020 ஏப்ரலில் 7.1-க்கு இறக்கியதை அதற்கப்புறம் வருடக்கணக்கில் தொடவே இல்லை. ஆனாலும் என் மாதிரி ஆளுக்கு இதுதான் தோது. ஆடியில் ஆர்டர் படுத்துவிடும், தீபாவளிக்கு முன்னால் கை நிறைய வேலை, வருடத்துக்கு 500 ரூபாய்க்குக் குறையாமல் ஒன்றரை லட்சத்துக்கு மிஞ்சாமல் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். ஏழாவது வருடத்திலிருந்து கொஞ்சம் எடுக்கலாம், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். 15 வருடம் முடிந்தால் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். ஒன்றே ஒன்று, மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். ஒரு ஏப்ரலில் 60,000 ரூபாயை 7-ஆம் தேதி கொண்டுபோய்க் கட்டினேன், அந்த மாத வட்டி 355 ரூபாய் போச்சு. வீட்டோடு போய் தட்டுவடை செட் சாப்பிட்டிருக்கலாம்.

என்பிஎஸ், அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டம், எனக்கு ஒட்டவில்லை. சந்தையோடு ஏறி இறங்கும், அதில்கூடப் பயமில்லை, பல வருடத்துக்குப் பூட்டு, அப்புறமும் ஒரு பங்கைப் பென்ஷனாகத்தான் வாங்க வேண்டும், அந்தப் பென்ஷனுக்கு வரி உண்டு. பிள்ளை படிப்புக்கு நாம் போட்டதில் 25 சதவீதம் எடுக்கலாம், அவ்வளவுதான். கம்பெனி பங்கு போடுகிற சம்பளக்காரர்கள் வேறு மாதிரி யோசிக்கலாம், புதிய வருமான வரி முறையில் அந்தப் பங்குக்கும் வரிக் கழிவு உண்டு.

80சி வரிக் கழிவுக்காக மட்டும் இதில் போடுகிறவர்கள் கவனியுங்கள், புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது. நான் அதில்தான் இருக்கிறேன், இருந்தும் கட்டுகிறேன், வட்டிக்கு வரி இல்லையே.

ஏற்காட்டில் இருக்கும் மச்சானுக்குப் போன மாதம் பெண் பிறந்தது. பிறப்புச் சான்றிதழ் வாங்கின கையோடு செல்வமகள் திறந்துவிடு மாப்பிள்ளை என்று தினமும் சொல்கிறேன். அவர்கள் இன்னும் பெயரே வைத்தபாடில்லை.